கண் மூடியிருந்தாரா? அரசியல் வழக்குகளும் நீதிமன்ற ஓவியர்களும்

2020 ஜனவரியில் டொனால்ட் டிரம்ப் மீதான முதல் பதவிநீக்க விசாரணை அமெரிக்க செனட்டில் நடந்தபோது, இடாஹோ மாநிலத்து செனட்டர் ஜிம் ரிஷ் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார் என்று ஒரு செய்தி பரவியது. அதற்குப் புகைப்படச் சான்று கிடையாது. நியூயார்க் டைம்ஸுக்காக மாடத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த ஆர்ட் லீன், கண்கள் மூடிய நிலையில் ரிஷ்ஷைத் தாளில் பிடித்திருந்தார். செனட்டரின் அலுவலகம் மறுத்தது. அவர் தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்றது.

அவைக்குள் கேமராவே இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அது செனட்டின் சொந்தக் கேமரா. இயக்கியவர்கள் செனட் ஊழியர்கள். பேசுபவர் நிற்கும் இடத்தை விட்டு அது பெரும்பாலும் அசையவில்லை. தன் கேமராக்களை உள்ளே வைக்க விடுங்கள் என்று சி-ஸ்பான் தொலைக்காட்சி கேட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கும் அவைக்குள் இடமில்லை. அதிபரை வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய நூறு பேரில் யார் குறுக்கெழுத்துப் போட்டார், யார் பால் குடித்தார், யார் கண் அயர்ந்தார் என்பதெல்லாம் நிருபரின் பேனாவாலும் லீனின் பென்சிலாலும்தான் வெளியே வந்தன.

நீதிமன்ற ஓவியம் பற்றிப் பொதுவாக இருக்கும் எண்ணம் எளிமையானது: கேமராவை உள்ளே விடமாட்டார்கள், அதனால் ஓவியரை அனுப்புகிறார்கள், கேமராவை விட்டால் ஓவியருக்கு வேலை இல்லை. பெரும்பாலான வழக்குகளுக்கு இது சரிதான். அரசியல் ஊழல் வழக்குகளுக்கு இது பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே குற்றம் சாட்டப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் கேமராவுக்கு முகம் காட்டிப் பழகியவர். எந்தப் பக்கம் திரும்பினால் படம் நன்றாக வரும் என்பது அவருக்குத் தெரியும். அவரைப் பார்க்கும் கண்ணை யார் எங்கே திருப்புகிறார்கள் என்பதுதான் அங்கே விஷயம். அமெரிக்காவின் கடந்த அறுபது ஆண்டு வழக்குகளை வரிசையாகப் பார்த்தால் இது திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது.

தடை எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1935ல் நியூஜெர்சியின் ஃபிளெமிங்டனில், விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் குழந்தையைக் கடத்திக் கொன்றதாக புரூனோ ஹாப்ட்மன் மீது நடந்த விசாரணைக்கு ஊரே கொள்ளாத கூட்டம். விசாரணை நடக்கும்போது படம் எடுக்கக்கூடாது என்று நீதிபதி சொல்லியிருந்தும் செய்திப்பட நிறுவனத்தார் மறைத்து வைத்த கேமராவில் எடுத்துத் தியேட்டர்களில் ஓட்டினார்கள். அந்த அருவருப்பின் விளைவாக 1937ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் நீதிமன்றத்துக்குள் புகைப்படத்தை எதிர்த்து நெறி வகுத்தது. 1946ல் கூட்டரசுக் குற்றவியல் நடைமுறையின் 53வது விதி, புகைப்படத்தையும் ஒலிபரப்பையும் கூட்டரசு நீதிமன்றங்களில் அடியோடு தடுத்தது. இன்றுவரை அந்த விதி இருக்கிறது.

நீதிமன்றத்துக்குள் தொலைக்காட்சி வரலாமா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதலில் தீர்த்த வழக்கே ஓர் அரசியல் ஊழல் வாடை கொண்ட வழக்கு. டெக்சாஸ் தொழிலதிபர் பில்லி சால் எஸ்டெஸ், பிறகு அதிபரான லிண்டன் ஜான்சன் வட்டாரத்துக்குப் பழக்கமானவர். பருத்தி ஒதுக்கீட்டிலும் உரத் தொட்டிகளிலும் மோசடி செய்தவர். 1962ல் அவருடைய வழக்கின் முன்விசாரணையில் பன்னிரண்டு கேமராக்காரர்களாவது அறைக்குள் இருந்தார்கள். தரையெல்லாம் கேபிள், நீதிபதி மேசையில் மூன்று மைக். 1965ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் எஸ்டெஸின் தண்டனையை ரத்து செய்தது. மோசடிக்காரர் தப்பினாரே என்று வருந்தியவர்களை விட, இனிமேல் விசாரணையை எப்படிக் காட்டுவது என்று கவலைப்பட்ட தொலைக்காட்சிக்காரர்கள் அதிகம் இருந்திருப்பார்கள்.

அவர்களுக்கு வழி ஏற்கெனவே தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப்போரில் ராணுவப் பத்திரிகைக்குப் போர்முனைப் படங்கள் வரைந்த ஹோவர்ட் பிராடி, 1964ல், அதிபர் கென்னடியைக் கொன்றதாகப் பிடிபட்டவரைச் சுட்டுக் கொன்ற ஜாக் ரூபி மீதான வழக்கை சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக வரைந்தார். மெழுகுப் பென்சிலில் நரம்பு தெறிக்க வரைபவர் அவர். அவருடைய பெயரை இன்று நினைக்க வைப்பது சிகாகோ.

1968ல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது கலவரத்தைத் தூண்டச் சதி செய்தார்கள் என்று எட்டுப் பேர் மீது வழக்கு. நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன். எட்டாமவர் பிளாக் பாந்தர் கட்சித் தலைவர் பாபி சீல். தன் வழக்கறிஞர் அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருக்கிறார், நானே வாதாட வேண்டும் என்று சீல் விடாமல் எழுந்து கேட்டார். 1969 அக்டோபர் 29 அன்று அவரை நாற்காலியோடு கட்டி, வாயை அடைக்க உத்தரவிட்டார் நீதிபதி. அமெரிக்க நீதிமன்றத்துக்குள், ஜூரியின் கண்ணெதிரே, ஒரு கறுப்பினத்தவர் கட்டுண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு புகைப்படம்கூட இல்லை. பிராடியின் படம் இருக்கிறது. வாய்க்கட்டோடும் கைக்கட்டோடும் சீல் சட்டக் குறிப்பேட்டில் எதையோ எழுத முயல்வதை அவர் வரைந்திருக்கிறார். கட்டிய துணியை விட அந்தக் கை என் மனதில் நிற்கிறது. வாதாட விடாதவன் எழுதியாவது பார்க்கிறான். வீடியோ இருந்தால் நாம் பார்த்திருக்கக்கூடியது கூச்சலும் மல்லுக்கட்டும். எத்தனையோ நிமிடங்களில் இந்தக் கைதான் முக்கியம் என்று பிராடி தேர்ந்தெடுத்திருக்கிறார். அதே அறையில் பிராங்க்ளின் மக்மஹோன் நூற்றுக்கணக்கான படங்கள் வரைந்தார். கையில் தாளோடு பார்வையாளராகப் போய் அங்கேயே தொலைக்காட்சி வேலை கிடைத்த ஆண்டி ஆஸ்டின் என்ற பெண், பிறகு பல பத்தாண்டுகள் சிகாகோ அரசியல்வாதிகளின் வழக்குகளை வரைந்து, தன் நினைவுக் குறிப்புக்கு வைத்த தலைப்பு: விதி 53.

ஓவியத்துக்கும் பயந்த நீதிபதி உண்டு. 1973ல் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில் நகரில், வியட்நாம் போரை எதிர்த்த முன்னாள் படைவீரர்கள் முதலான எட்டுப் பேர் மீது குடியரசுக் கட்சி மாநாட்டைக் குலைக்கச் சதி செய்ததாக வழக்கு நடந்தது. நீதிபதி வின்ஸ்டன் ஆர்னோ, நீதிமன்றத்தில் வரையக்கூடாது என்றார். சிபிஎஸ் ஓவியர் ஆகி வீலன் வரையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெளியே போய் ஞாபகத்திலிருந்து வரைந்தார். அன்று மாலைச் செய்தியில் படங்கள் வந்தன. நீதிபதிக்குக் கோபம். எங்கே உட்கார்ந்து வரைந்தாலும் இந்த விசாரணையின் ஓவியத்தை வெளியிடக்கூடாது என்பதுதான் தன் உத்தரவு என்று சொல்லி, நிறுவனத்தின் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுத்தார். ஒருவரின் ஞாபகத்துக்கே தடை போட்ட உத்தரவு! 1974ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வரைவதால் விசாரணைக்கு இடையூறு வந்ததாகக் காட்ட ஒன்றும் இல்லை, தடை அளவு மீறியது என்றது. எட்டுப் பேரையும் ஜூரி அதற்கு முன்பே விடுவித்துவிட்டது.

பிரிட்டனில் நிலைமை இதற்கு நேர்மாறு. 1925ம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 41வது பிரிவு புகைப்படத்தோடு சேர்த்து, வெளியிடுவதற்காக நீதிமன்றத்துக்குள் வரைவதையும் குற்றமாக்கியது. ஆகவே அங்கே ஓவியர் குறிப்பு மட்டும் எழுதுவார்: டையின் நிறம், தலைமுடி எந்தப் பக்கம் சீவியிருக்கிறது, யார் யாருக்கு இடப்புறம். பிறகு பத்திரிகையாளர் அறைக்கு ஓடி, ஞாபகத்திலிருந்து வரைய வேண்டும். லிபரல் கட்சித் தலைவராக இருந்த ஜெரமி தோர்ப் கொலைச் சதி வழக்கில் 1979ல் விடுதலையானதும், நாவலாசிரியரும் கன்சர்வேடிவ் கட்சிப் பிரமுகருமான ஜெஃப்ரி ஆர்ச்சர் பொய்ச்சாட்சியத்துக்காக 2001ல் சிறைக்குப் போனதும் இந்தச் சட்டத்தின் கீழ் நடந்தவை.

அதிபர் நிக்சனின் ஆட்சியைக் கவிழ்த்த வாட்டர்கேட் ஊழலுக்கு வருவோம். 1973 மே 17ல் தொடங்கிய செனட் குழுவின் விசாரணை முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. நிக்சனின் ஆட்கள் வேர்த்ததையும் விழித்ததையும் நாடே உட்கார்ந்து பார்த்தது. ஆனால் அந்த விசாரணையால் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. சிறைக்கு அனுப்பக்கூடிய வழக்கு 1974 அக்டோபர் 1ல் நீதிபதி ஜான் சிரிகாவின் அறையில் தொடங்கியபோது கேமரா வெளியே நின்றது. முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஜான் மிட்செல், வெள்ளை மாளிகையை ஆட்டிப் படைத்த ஹால்டெமன், எர்லிக்மன் என்று ஐந்து பேர் எதிரிகள். முந்தைய ஆண்டு கேமராவில் பார்த்த அதே முகங்களை மக்கள் இப்போது ஏபிசிக்காக ஃப்ரீடா ரைட்டர் போன்றவர்கள் வரைந்த படங்களில் பார்த்தார்கள்.

அந்த வழக்கின் மையம் ஒலிநாடாக்கள். சுமார் 22 மணி நேர உரையாடல் ஜூரிக்குப் போட்டுக் காட்டப்பட்டது. எல்லோருக்கும் காதில் ஹெட்போன். ஒரு நாட்டின் முன்னாள் அதிபர் சட்டத்தை எப்படி வளைக்கலாம் என்று பேசுவதை, அவரோடு பேசியவர்கள் தாங்களும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். நிக்சனோ மன்னிப்பு பெற்றுவிட்டார். உடல்நலக் காரணத்தால் சாட்சியாகவும் வரவில்லை. அறைக்குள் அவர் ஒரு குரல் மட்டும். அந்த நாடாக்களைப் பிரதியெடுத்து ஒலிபரப்ப வேண்டும் என்று தொலைக்காட்சிகளும் ஓர் இசைத்தட்டு நிறுவனமும் கேட்டன; 1978ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆக, நீதிமன்றத்தில் போடப்பட்ட நாடாவை வெளியே இருந்த பொதுமக்கள் கேட்க முடியவில்லை, கேட்டவர்களின் முகத்தைப் பார்க்கவும் ஓவியர்தான் வழி. 1975 புத்தாண்டு தினத்தில் தீர்ப்பு. ஐவரில் நால்வர் குற்றவாளிகள்.

அதற்கு முன்பே நியூயார்க்கில் மிட்செல் இன்னொரு வழக்கைச் சந்தித்திருந்தார். நிதி மோசடிக்காரர் ராபர்ட் வெஸ்கோ நிக்சன் தேர்தல் நிதிக்குக் கொடுத்த 2 லட்சம் டாலர் ரொக்கம் பற்றியது அது. உடன் எதிரி முன்னாள் வர்த்தக அமைச்சர் மாரிஸ் ஸ்டான்ஸ். 1974 ஏப்ரலில் இருவரும் விடுதலை. அந்த விசாரணையை வரைந்ததற்காக எம்மி விருது பெற்றவர், கெய்ன்ஸ்வில்லில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த அதே ஆகி வீலன்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. வீலன், ரைட்டர், என்பிசியின் பெட்டி வெல்ஸ், அய்டா லிபி டெங்ரோவ், பிறகு மேரிலின் சர்ச், எலிசபெத் வில்லியம்ஸ், கிறிஸ்டின் கார்னல், ஜேன் ரோசன்பர்க் என்று இந்தத் தொழிலின் பெயர்ப் பட்டியலில் பெண்கள் நிறைய. வெள்ளை மாளிகை நிருபர் பதவி பெண்களுக்கு எளிதில் கிடைக்காத 1970களில், ஆடை அலங்காரப் படங்களும் முக ஓவியங்களும் வரைந்து பிழைத்துக்கொண்டிருந்த பெண்கள் நேராக நாட்டின் பெரிய அரசியல் வழக்குகளின் முன் இருக்கைக்கு வந்தார்கள். நிருபராக ஆக அவர்களுக்கு வழி இருந்திருந்தால் எத்தனை பேர் பென்சிலைத் தொட்டிருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

1980ல் ஆப்ஸ்கேம் வழக்குகள் கேமராவையும் பென்சிலையும் விநோதமாக இடம் மாற்றி வைத்தன. அரபு ஷேக்கின் ஆட்கள் போல நடித்த எஃப்பிஐ, காங்கிரஸ் உறுப்பினர்கள் லஞ்சம் வாங்குவதை மறைவுக் கேமராவில் பதிவு செய்தது. பிலடெல்பியா உறுப்பினர் மைக்கேல் மயர்ஸ் கென்னடி விமான நிலையத்தருகே ஒரு ஹோட்டலில் 50,000 டாலர் வாங்கியது, ஃபுளோரிடாவின் ரிச்சர்ட் கெல்லி 25,000 டாலரைச் சட்டைப் பைகளில் திணித்துக்கொண்டு வெளியே தெரிகிறதா என்று கேட்டது, எல்லாம் படத்தில் இருந்தது. குற்றத்துக்குக் கேமரா உண்டு; விசாரணைக்குக் கிடையாது. புரூக்ளின் நீதிமன்றத்தில் ஜூரிகள் தொலைக்காட்சிப் பெட்டியில் லஞ்சக் காட்சியைப் பார்க்க, ஓவியர்களுக்கு மிச்சமிருந்தது அதைப் பார்ப்பவர்களின் முகம். அதே ஆண்டு அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நாடாக்களை ஒளிபரப்ப அனுமதித்தது. வாட்டர்கேட் நாடாக்களுக்குக் கிடைக்காதது இவற்றுக்குக் கிடைத்தது. ஒரு செனட்டரும் ஆறு பிரதிநிதிகளும் தண்டனை பெற்றார்கள். செனட்டர் ஹாரிசன் வில்லியம்ஸ், வெளியேற்றத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருமுன் 1982 மார்ச்சில் பதவி விலகினார்.

இந்த வேலை எப்படி நடக்கிறது? குற்றச்சாட்டு வாசிப்பு போன்ற நிகழ்ச்சி கால் மணி நேரத்தில் முடிந்துவிடலாம். ஓவியர் முதலில் குற்றம் சாட்டப்பட்டவரைப் பிடிப்பார். அவர் எப்போது எழுந்து போவார் என்று தெரியாது. நீதிபதி எங்கும் போகப்போவதில்லை, அவரைப் பிறகு வரையலாம். மரப் பலகை அடித்த சுவர், கொடி, முத்திரை எல்லாம் கடைசியில். இருக்கை மோசமாக அமைந்தால் எதிரியின் பிடரிதான் கிடைக்கும். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அவர் வழக்கறிஞரிடம் குசுகுசுக்கத் திரும்பும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். ரோசன்பர்க் போன்றவர்கள் நிறத்தாளில் பாஸ்டலால் வரைகிறார்கள். பாஸ்டல் வேகமானது, நடுத்தர நிறத் தாளில் முகத்தின் வெளிச்சமும் நிழலும் மட்டும் போட்டால் போதும். ஆனால் விரலெல்லாம், மடியெல்லாம் தூள். வேறு சிலருக்கு மார்க்கர், சிலருக்கு நீர்வண்ணம். ஜூரிகளை முகம் அடையாளம் தெரியாதபடி வெற்று முட்டைகளாக விட்டுவிடுவது வழக்கம். இடைவேளை விட்டதும் வெளியே ஓட்டம். ஒரு காலத்தில் நீதிமன்றத் தாழ்வாரத்துச் சுவரிலோ ஒளிபரப்பு வண்டியின் பக்கவாட்டிலோ படத்தை ஒட்டி வைத்துத் தொலைக்காட்சிக் கேமரா எடுக்கும்; இப்போது கைபேசியில் எடுத்து அனுப்பினால் ஆயிற்று.

பத்திரிகைக்காரர்கள் அதிகம் பேசாத ஒன்றும் இதில் இருக்கிறது. நாம் பார்க்கும் ஓவியம் ஒரு கணத்தின் படம் அல்ல. சாட்சிக்கும் எதிரிக்கும் இடையே இருபது முப்பது அடி இருக்கும். ஒரே சட்டகத்தில் நீதிபதி, சாட்சி, குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல், எதிரி நால்வரும் வர வேண்டும் என்றால் ஓவியர் அறையைச் சுருக்கியாக வேண்டும். வக்கீல் கை நீட்டியது பத்து மணிக்கு. எதிரி முகம் சுளித்தது பதினொன்றுக்கு. இரண்டும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால், இவர் கை நீட்டியதற்கு அவர் சுளித்தார் என்று நாம் கதை படித்துக்கொள்வோம். நிருபர் இப்படி இரண்டு வாக்கியங்களை ஒட்டினால் ஆசிரியர் கேள்வி கேட்பார். ஓவியரிடம் யாரும் கேட்பதில்லை. இது சின்னக் குறை அல்ல என்றே நினைக்கிறேன். குறிப்பாக, ஒரு முகபாவனையில் பாதி நாடு ஒரு அர்த்தமும் மறு பாதி நேரெதிர் அர்த்தமும் படிக்கும் வழக்குகளில்.

முகச்சாயல் தவறுவதும் உண்டு. 2015ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாம் பிரேடியை ரோசன்பர்க் வரைந்த படம் உலகமெல்லாம் கேலிக்கு உள்ளானது. எட்டு ஆண்டு கழித்து அதே ரோசன்பர்க்கின் படம் நியூயார்க்கர் இதழின் அட்டையில் வந்தது. நீதிமன்ற ஓவியம் ஒன்று அந்த அட்டையில் வருவது அதுவே முதல்முறை.

2023 ஏப்ரல் 4 அன்று மன்ஹாட்டனில் டிரம்ப் மீது குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டபோது வரைந்தது அது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஒருவர் குற்றவியல் வழக்கில் எதிரியாக நின்றது அதற்கு முன் நடந்ததில்லை. அன்று புகைப்படம் இல்லாமலும் இல்லை. வீடியோவை மறுத்த நீதிபதி ஹுவான் மெர்ச்சன், விசாரணை தொடங்குமுன் ஐந்து புகைப்படக்காரர்களைச் சில நிமிடம் உள்ளே விட்டார். அந்தப் படங்களும் எல்லா நாளிதழ்களிலும் வந்தன. அவற்றில் இருப்பவர், தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்த மனிதர். புகைப்படக்காரர்கள் வெளியேறிய பிறகு நடந்ததுதான் ஓவியத்தில் இருக்கிறது: பக்கவாட்டில் முறைத்துக்கொண்டு, தோள் சரிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு வயதானவர்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு டிரம்பைப் போலீசார் துரத்திப் பிடிப்பது போன்ற செயற்கை நுண்ணறிவுப் படங்கள் இணையத்தில் சுற்றின. பார்க்க அசல் புகைப்படம் போலவே இருந்தன. புகைப்படம் என்ற வடிவத்தின் மீதே சந்தேகம் விழுந்த அந்த வேளையில், பாஸ்டல் தீற்றல் வெளிப்படையாகத் தெரியும் ஒரு படம், இன்னார் அந்த அறையில் இருந்து வரைந்தது என்ற கையெழுத்தோடு வந்தது. ஒரு சாட்சியின் வாக்குமூலம் போல அதை ஏற்கலாம், மறுக்கலாம். யாரிடம் கேட்பது என்றாவது தெரியும். ஆனால் இந்த நம்பிக்கையும் திருடக்கூடியதுதான். அதே ஆண்டு அக்டோபரில், நீதிமன்றத்தில் டிரம்புக்குப் பக்கத்தில் இயேசு உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு படத்தை டிரம்பே தன் சமூக வலைத்தளத்தில் பகிர்ந்தார். நீதிமன்ற ஓவியத்தின் பாணியில், அதே நிறங்களில்.

கேமராவை அவர் எப்படிக் கையாண்டார் என்பதற்கு ஜார்ஜியா நல்ல உதாரணம். 2023 ஆகஸ்ட் 24ல் ஃபுல்டன் மாவட்டச் சிறையில் அவரைக் கைதியாகப் படம் எடுத்தார்கள். மற்ற எவருக்கும் அவமானமாக முடிந்திருக்கும் படம். அவர் கேமராவை முறைத்தார். சில நாட்களுக்குள் அந்த முறைப்பு டிஷர்ட்டிலும் காபிக் கோப்பையிலும் விற்பனைக்கு வந்தது, 70 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை சேர்ந்ததாக அவருடைய பிரசாரக் குழு சொன்னது. அரசாங்கம் எடுத்த புகைப்படமே எதிரியின் சுவரொட்டி ஆயிற்று. நீதிமன்ற ஓவியத்தை அவ்வளவு சுலபமாக அப்படி ஆக்க முடிவதில்லை. ஒரே முகத்தை வைத்துக்கொண்டு அத்தனை மணி நேரம் யாரால் உட்கார முடியும்?

2024 ஏப்ரல் 15ல் தொடங்கி மே 30ல் 34 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்ற தீர்ப்போடு முடிந்த மன்ஹாட்டன் வழக்கில், தினமும் காலையில் சில நிமிடம் புகைப்படம், பிறகு நாள் முழுவதும் பென்சில் என்று அமைந்தது. டிரம்ப் கண் அயர்கிறார் என்று முதல் நாளே நிருபர்கள் எழுதினார்கள். ரோசன்பர்க்கின் படங்களில் கண்கள் மூடியிருந்தன. டிரம்ப் மறுத்தார்: தூங்கவில்லை, தன் அழகான நீலக் கண்களை மூடிக்கொண்டு கவனமாகக் கேட்டதாகச் சமூக வலைத்தளத்தில் எழுதினார். நான்கு ஆண்டு முன்பு ரிஷ்ஷின் அலுவலகம் சொன்ன அதே விளக்கம். ஓவியர் சொல்லக்கூடியது கண் மூடியிருந்தது என்பது வரை. உள்ளே தூக்கமா தியானமா என்பது பென்சிலுக்கு எட்டாது; உண்மையில் புகைப்படத்துக்கும் எட்டாது. தொடர்ச்சியான வீடியோ ஒன்றுதான் எவ்வளவு நேரம் மூடியிருந்தது, தலை தொங்கிற்றா, யாராவது தட்டி எழுப்பினார்களா என்று காட்டியிருக்கும். ஓவியத்துக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மற்ற நாடுகளை விரைவாகப் பார்த்துவிடலாம். பிரான்சு 1954ல் சட்டம் போட்டு நீதிமன்றத்தில் படம் எடுப்பதைத் தடுத்தது. முன்னாள் அதிபர் நிக்கோலா சார்க்கோசி லிபியப் பண விவகாரத்தில் 2025 செப்டம்பரில் ஐந்தாண்டு தண்டனை பெற்ற விசாரணை வரை, ஏஎஃப்பியின் பெனுவா பேருக் போன்றவர்களின் நீர்வண்ணப் படங்கள்தான் உலகச் செய்திகளில் வந்தன. ஜப்பானில் விசாரணைக்கு முன் எதிரி இல்லாத அறையைச் சில நிமிடம் படம் எடுக்க விடுவார்கள். நீதிபதிகள் சிலைபோல் உட்கார்ந்திருப்பார்கள். எதிரி வந்த பின் ஓவியர்தான். லாக்ஹீட் விமான ஊழலில் 50 கோடி யென் வாங்கியதாக முன்னாள் பிரதமர் தனாகா ககுவேய் மீது ஆண்டுக்கணக்கில் நடந்து 1983 அக்டோபரில் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு வந்த வழக்கிலும் விசாரணையின்போது கேமராவுக்கு இடமில்லை.

நமக்கு இந்த மரபு இல்லை. ஊழல் வழக்கு என்றாலே நம் கண்ணில் நிற்பது நீதிமன்ற வாசல்தான்: கார் கதவு திறப்பது, கும்பிட்ட கை, நீட்டிய மைக்குகள், தொண்டர் கூட்டம். 2014 செப்டம்பர் 27 அன்று பரப்பன அக்ரஹாராவில் ஜெயலலிதா வழக்கின் தீர்ப்பு வந்த நாள் முழுவதும் தொலைக்காட்சி காட்டியது அந்தச் சாலைகளை. இந்திய உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வுகள் 2022 செப்டம்பர் முதல் நேரலையில் வருகின்றன. அதில் நீதிபதியும் வழக்கறிஞரும் உண்டு, சாட்சியும் எதிரியும் கிடையாது. உள்ளே ஒரு தலைவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பதற்கு நம்மிடம் இருப்பவை நிருபர்களின் வரிகள். அவற்றில் சில பிரமாதமானவை.

தொழிலாகப் பார்த்தால் அமெரிக்காவில் நீதிமன்ற ஓவியம் தேய்ந்துகொண்டு வருவது. 1981ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கேமராவை அனுமதிக்கலாமா என்பதை மாநிலங்களே சோதித்துப் பார்க்கட்டும் என்று சொன்ன பிறகு ஒவ்வொரு மாநிலமாகக் கதவு திறந்தது. இன்று எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வகையில் கேமராவுக்கு இடமுண்டு. கூட்டரசு நீதிமன்றங்களும் கெடுபிடி அதிகமுள்ள நியூயார்க் போன்ற இடங்களும்தான் ஓவியருக்கு மிச்சம். மாதச் சம்பளக்காரர்கள் மறைந்து தினக்கூலி வந்தது. முன்பு மூன்று தொலைக்காட்சிகளும் ஆளுக்கொருவரை அனுப்பிய இடத்தில் இப்போது ஒருவர் வரைந்து எல்லோருக்கும் விற்கிறார். அசல் படத்தை வாங்குபவர்களில் பெரும்பங்கு வழக்கறிஞர்கள். தாங்கள் கை நீட்டி வாதிடும் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டிக்கொள்ள அவர்களுக்கு ஆசை. வரைகிற கைக்குச் சோறு போடுபவர்களில் வரையப்படுபவரும் ஒருவர் என்பது கொஞ்சம் இடறுகிற விஷயம்தான். வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நீதிமன்ற ஓவியங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது; 2017ல் அவற்றிலிருந்து ஒரு கண்காட்சியும் நடத்தியது.

பொதுப் பதவியில் இருந்தவர் மீதான விசாரணைக்குக் கேமரா வேண்டும் என்பதே என் கருத்து. அது ஒரே கோணத்தில் நிறுத்திய கேமராவாக இருந்தால் செனட்டில் நடந்ததுதான் நடக்கும் என்பதால் பக்கத்தில் ஓர் ஓவியரும் வேண்டும். ஆனால் இந்த விவாதத்தில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது எளிதில் கணிக்கக்கூடியதாக இல்லை. 2020 தேர்தல் முடிவைப் புரட்ட முயன்றதாக வாஷிங்டனில் தொடரப்பட்ட கூட்டரசு வழக்கை நேரலையில் காட்ட வேண்டும் என்று 2023 இறுதியில் செய்தி நிறுவனங்கள் மனுப் போட்டன. 53வது விதியைக் காட்டி எதிர்த்தது அரசுத் தரப்பு. கேமரா வரட்டும் என்று ஆதரித்தது எதிரித் தரப்பு. டிரம்பின் வழக்கறிஞர்கள் நவம்பரில் அதை எழுத்தில் தாக்கல் செய்தார்கள். தேர்தலில் அவர் மீண்டும் வென்றதும், 2024 நவம்பர் 25ல் வழக்கே கைவிடப்பட்டது. விசாரணை தொடங்காததால், கேமராவா பென்சிலா என்ற கேள்விக்கு அங்கே விடை சொல்ல யாருக்கும் அவசியம் வரவில்லை. அந்தக் கேள்வி அடுத்த அரசியல் வழக்குக்காக, 1946ல் எழுதிய விதியோடு அப்படியே இருக்கிறது.